கப்பலில் யார் சமைத்தார்கள்?

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும். ஆடு, மாடு, கோழி, தேங்காய், புளி, மண்வெட்டிப் பிடி, எதை வேண்டுமானாலும் வாங்கலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசலாம். கடலைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் இது உகந்த இடமல்ல. எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலைக் கண்ணால் பார்க்க ஐந்தாறு மணி நேரமாவது ஆகும். இருந்தும், சென்ற மாதம் ஒரு சந்தை நாளன்று, டீக்கடை பெஞ்சில் முக்கால் மணி நேரம் கடலைப் பற்றித்தான் பேச்சு நடந்தது. பேசியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். கேட்டவன் நான். அன்று அவருக்குச் சொல்லாமல் விழுங்கிவிட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

அவர் நல்ல மனிதர். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர். 1025-ல் ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து போய் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கிய கதையை அவர் சொன்னால், பக்கத்தில் பக்கோடா தின்றுகொண்டிருப்பவன்கூட நிமிர்ந்து உட்காருவான். அன்றும் சோழனில்தான் ஆரம்பித்தார். அங்கிருந்து நேரே தாரிணிக்கு வந்தார். "பார்த்தீங்களா சார், ரெண்டு பொண்ணுங்க! அதிலே ஒருத்தி நம்ம பாண்டிச்சேரிப் பொண்ணு. உலகத்தையே சுத்திட்டு வந்துட்டா. சோழ ரத்தம் எங்கே போகும்?" என்றார். கடைக்காரர் உட்பட எல்லோரும் தலையாட்டினோம்.

பிறகு பெஞ்சில் நகர்ந்து என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும் சார். என் பேத்தி நேவிக்கு அப்ளிகேஷன் போடறேன்னு ஒத்தைக் கால்லே நிக்கறா. உங்க கதையெல்லாம் படிச்சவ. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பா. வேண்டாம்னு சொல்லுங்க."

சோழ ரத்தம் பாண்டிச்சேரி வீட்டில் ஓடினால் அது பெருமை. சொந்த வீட்டில் ஓடினால் வைத்தியம் பார்க்க வேண்டிய வியாதி! "ஆகட்டும், பார்க்கலாம்" என்று முனகிவிட்டு எழுந்து வந்தேன்.

அவர் ஒருவரை மட்டும் இங்கே கூண்டில் ஏற்றுவதாக நினைக்க வேண்டாம். அந்தக் கூண்டில் நாம் எல்லோரும் நிற்கிறோம். யார் எங்கே நிற்கிறோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், எதற்காக இப்படிப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம் என்பதையாவது சரியாகத் தெரிந்துகொள்வோம்.

லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா கோழிக்கோட்டுக்காரர். இருவரும் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமாண்டில், நியூஜிலாந்தில் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவுகளில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் கரை தொட்டார்கள். 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து 2025 மே 29-ஆம் தேதி கோவாவுக்கே திரும்பி வந்தார்கள். படகின் நீளம் 56 அடி. நம் டவுன் பஸ் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால், அந்த நீளம்கூட இராது. நியூஜிலாந்துக்கும் ஃபாக்லாந்துக்கும் நடுவே ஒன்றரை மாதம். அந்த வழியில் ஜனவரி 30-ஆம் தேதி நீமோ முனை என்று சொல்லப்படும் இடத்தைக் கடந்தார்கள். அங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் மிகக் கிட்ட உள்ள நிலம் 2,688 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே ஆகாயத்தில் சுற்றுகிற விண்வெளி நிலையத்து மனிதர்கள்தான் பல சமயம் அந்த இடத்துக்கு அக்கம்பக்கத்து வீட்டார்.

சரி, அந்த எட்டு மாதமும் அவர்கள் என்ன செய்தார்கள்? "கடலோடு போராடினார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். போராட்டம் இல்லாமலில்லை. தென்கடலில் அலை வீட்டு மாடி உயரத்துக்கு எழும்பும். ஆனால் சிறிய பாய்மரப் படகில் நெடுங்கடல் போனவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பாருங்கள். புயல் பத்துப் பக்கம் வந்தால் வீட்டு வேலை நூறு பக்கம் வரும்.

எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடுகிற வீட்டில் குடியிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அடுப்பை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டிருப்பார்கள். படகு சாய்ந்தாலும் பாத்திரம் சாயாமலிருக்க அந்த ஏற்பாடு. படுக்கையின் ஓரத்தில் துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள், தூக்கத்தில் உருண்டு விழாமலிருக்க. மேல்தளத்துக்குப் போவதென்றால் உடம்பில் வாரைப் பூட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றைப் படகோடு மாட்டிக்கொள்ள வேண்டும். உப்பு ஏறிய துணி காயவே காயாது, காய்ந்ததுபோல இருந்தாலும் காற்றின் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். இரண்டே பேர் இருக்கிற படகில் ஒருவர் விழித்திருந்தால்தான் மற்றவர் தூங்க முடியும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். நடுவில் காற்று திரும்பிவிட்டால் தூங்குகிறவரையும் எழுப்பித்தான் பாயைச் சுருக்க வேண்டும்.

அவர்கள் புயலைவிட அதிகம் பயப்படுவது உராய்வுக்கு. ஒரு கயிறு கப்பியின் விளிம்பில் இரவும் பகலும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். ஒரு நாளில் ஒன்றும் ஆகாது. பத்தாம் நாள் ஓர் இழை போகும். இருபதாம் நாள், காற்றே அதிகமில்லாத ஒரு நல்ல வேளையில், பட்டென்று அறுந்து பாய் கிழியும். ஆகையால் தினமும் முன் நுனியிலிருந்து பின் நுனிவரை கயிறு கயிறாக, ஆணி ஆணியாகத் தொட்டுப் பார்த்தாக வேண்டும். கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். அடித்தட்டில் சேர்ந்த நீரை இறைக்க வேண்டும். கக்கூஸ் அடைத்துக்கொண்டால் கைவிட்டு எடுக்க வேண்டும். சுக்கான் பழுதானால் கரைக்குப் போய்ச் சொல்லி அனுப்ப முடியாது. 2017-18-ல் இதே தாரிணியில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண்கள் 254 நாளில் உலகைச் சுற்றி வந்தார்களே, அவர்களுக்கும் வீடு திரும்புகிற கடைசிக் கட்டத்தில் சுக்கான்தான் தகராறு செய்தது. மொரீஷியஸில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டுதான் வந்தார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படகு பியூன் இல்லாத ஆபீஸ். எந்தப் பாதையில் போவது என்று கணக்குப் போட்டுத் தீர்மானிக்கிறவரேதான் சோறு பொங்குகிறார், சாக்கடையும் குத்துகிறார். இருவரும் அதிகாரிகள், அங்கே வேலைக்காரி வேறு யாரும் கிடையாது. படித்த தலையும் அழுக்கான கையும் ஒரே உடம்பில் இருந்தால்தான் அந்தப் பயணம் முடியும். நம் சமூகமோ இந்த இரண்டையும் வேறு வேறு வீடுகளில், வேறு வேறு தெருக்களில் குடிவைத்துப் பல நூறு வருஷங்கள் ஆகின்றன. ஆகவே படகு திரும்பி வந்ததும் நாம் அந்த வேலையை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வீரத்தை மெச்சுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அது ரத்தத்தில் வருகிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ரத்தம் நமக்கும் இருக்கிறது! தையலும் சமையலும் கயிறு முடிவதும் ரத்தத்தில் வருவதில்லை. உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

சோழர் பெருமையில் நடந்திருப்பதும் இதுதான். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் அவன் வென்ற ஊர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. சுக்கான் பிடித்தவன் பெயர் ஒன்றுகூட வருவதில்லை. அது ராஜாக்களின் காலம், போகட்டும். நம் காலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? கடல் தமிழனுடையது என்று மேடையில் முழங்குகிறோம். கடலில் போய் வருகிற தமிழன் மட்டும் நமக்கு வேற்று ஜாதி. அவன் குப்பத்தில் கால் வைத்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அவன் பிள்ளையோடு நம் பிள்ளை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் வீட்டில் விசாரணை நடக்கிறது. கடல் வேண்டும், கடலோடி வேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். இலங்கையின் வடகோடியில் வல்வெட்டித்துறை என்று ஓர் ஊர். அங்கே தமிழ் மேஸ்திரிகள் வேப்பமரத்தால் ஒரு பாய்க்கப்பல் கட்டினார்கள். அன்னபூரணி அம்மாள் என்று அதற்குப் பெயர். நீளம் 89 அடி. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், அதற்கு முன்பே 32 அடிப் படகொன்றில் உலகைச் சுற்றி வந்தவர், அந்தக் கப்பலைக் கண்டு ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்கும், அங்கிருந்து அட்லாண்டிக் கடலுக்கும் ஓட்டிக்கொண்டு போய், 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிளஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். எந்தக் கப்பல் கம்பெனி சர்டிபிகேட்டும் இல்லாமல், அப்பன் பாட்டனிடம் கற்ற வித்தையை வைத்துக்கொண்டு தமிழர் ஓட்டிய கப்பல் அது. வல்வெட்டித்துறையில் இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் இந்தக் கதை தெரியும்? சோழனின் கப்பல் எப்படி இருந்தது என்று ஆளுக்கொரு படம் வரைந்து மாட்டுகிற நாம், நம் தாத்தா காலத்தில் நிஜமாகவே ஓடிய கப்பலை மறந்துவிட்டோம். காரணம் வேறொன்றுமில்லை. அதை ஓட்டியவன் ராஜா அல்ல, தொழிலாளி.

மறதி நமக்கு மட்டும் சொந்தமானதல்ல. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் 1968 ஜூனில் புறப்பட்டு, எங்கேயும் கரை தொடாமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றி, 312 நாள் கழித்து 1969 ஏப்ரலில் இங்கிலாந்தில் கரை சேர்ந்தார். அப்படிச் செய்த முதல் மனிதர் அவர்தான். அவர் பெயர் உலகப் பிரசித்தம். அவருடைய 32 அடி சுஹைலி பம்பாயில் கட்டிய படகு. நம் தச்சர்கள் கையுளியும் வாய்ச்சியும் கொண்டு இழைத்த தேக்கு அது. வழியில் படகு ஒழுகத் தொடங்கியபோது அந்த மனிதர் தாமே நீருக்குள் இறங்கிப் பலகை இடுக்கை அடைத்தார். வீரர் என்று அவரைக் கொண்டாடுங்கள், ஆட்சேபணை இல்லை. ஆனால் அவரைக் காப்பாற்றியது அந்தத் தேக்கும், அதை இழைத்த பம்பாய்க் கையும், ஒழுகலைத் தாமே அடைக்கத் தெரிந்த அவருடைய கையும்தான்.

இனி, கூண்டில் நான் நிற்கிற இடத்தைச் சொல்லியாக வேண்டும்.

நானும் ஒரு கடல் கதை எழுதியிருக்கிறேன். தொடராக வந்தது. கப்பல் தலைவன் உண்டு, புயல் உண்டு, நிலவில் தளத்தின்மேல் நிற்கிற கதாநாயகி உண்டு. வாசகர்கள் பாராட்டினார்கள். அப்போது என் அண்ணன் மகள் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். கதையை முழுக்கப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சித்தப்பா, அந்தக் கப்பல்லே யாரு சமைச்சாங்க?"

சிரித்து மழுப்பினேன். முப்பத்தாறு வாரம் கடலில் மிதந்த என் கப்பலில் அடுப்பே கிடையாது. கயிறு தேயவில்லை, துணி நனையவில்லை, யாரும் தூங்கவுமில்லை. கடலையே பார்க்காமல் எழுதினேன் என்பதுகூடக் குற்றமல்ல. வேலையைப் பார்க்காமல் எழுதினேன் என்பதுதான் குற்றம்.

அதற்கு அடுத்த மாதம் அவள் கடற்படைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாள். அண்ணன் என்னிடம் யோசனை கேட்டார். கடலைப் பற்றி எழுதியவன் ஆயிற்றே! "கதைக்கு நன்றாக இருக்கும் அண்ணா, வீட்டுக்கு ஒத்து வராது" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்தது. வயது வரம்பும் தாண்டிவிட்டது. இன்று அவள் இங்கேயே சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறாள். நடுராத்திரியில் இயந்திரம் நின்றால் அவள்தான் ஸ்பானரை எடுக்கிறாள். அது மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. அவள் ஆசைப்பட்டது வேறு என்றுதான் சொல்கிறேன். தாரிணி திரும்பி வந்த அன்று இரவு எனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள்: "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சமைச்சிருப்பாங்க, சித்தப்பா." அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.

தலைமையாசிரியர் கேட்கக்கூடிய கேள்விகள் எனக்குத் தெரியும். ஆபத்து இல்லையா என்பார். உண்டு. 2018 செப்டம்பரில், உலகைச் சுற்றும் தனிப்படகுப் போட்டியில் இருந்த நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமியின் படகு தென் இந்தியப் பெருங்கடலில் புரண்டது. பாய்மரம் ஒடிந்தது. முதுகெலும்பு நொறுங்கி, எழ முடியாமல் படகுக்குள்ளேயே கிடந்தவரை மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து எடுத்தது. இதை மறைத்துவிட்டு யாரையும் கடலுக்கு அனுப்பச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே மனிதர் நடக்கப் பழகி, 2022-ல் மறுபடி அதே போட்டிக்குப் போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதாக வந்தவர் யார் தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், ஒரு பெண்.

இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்பார். நியாயமான கேள்வி. படகு உலகைச் சுற்றியதால் போச்சம்பள்ளியில் புளி விலை இறங்கிவிடாது. ஆனால் பிரயோஜனத்தைப் பார்க்கிறவர், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சோழன் கப்பலால் இன்று என்ன பிரயோஜனம் என்று தம்மையே ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும். பெருமைக்குச் செலவில்லை, அதனால் பிரயோஜனம் கேட்பதில்லை. பிள்ளையை அனுப்புவதற்குச் செலவு உண்டு. செலவு வருகிற இடத்தில்தான் நமக்குப் பிரயோஜனம் ஞாபகத்துக்கு வருகிறது.

கடைசியில் கல்யாணத்துக்கு வருவார். மாதக்கணக்கில் கடலில் கிடப்பவளை யார் கட்டுவார்கள்? கொட்டுகிற மழையில் கூரை ஒழுகினாலும் பதறாமல் எழுந்து அடைக்கத் தெரிந்தவளை, ஒரே அறையில் இன்னொருவரோடு எட்டு மாதம் சண்டையில்லாமல் காலம் தள்ளத் தெரிந்தவளை, கட்டிக்கொள்ளப் பயப்படுகிற பையனை நாம் எதற்காகத் தேடி அலைய வேண்டும் என்று யோசித்துச் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாரூர் ஏரி இருக்கிறது. தென்பெண்ணைத் தண்ணீர்தான் அதற்கு வருகிறது. அதே ஆறு கடலூருக்குப் பக்கத்தில், ரூபாவின் புதுச்சேரியிலிருந்து சற்றுத் தெற்கே, கடலில் கலக்கிறது. கடலுக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை.

தலைமையாசிரியர் ஐயா, பேத்தியை என்னிடம் அனுப்புங்கள், கட்டாயம் பேசுகிறேன். ஆனால் நீங்கள் கேட்டதைப் பேச மாட்டேன். சோழனைப் பற்றியும் பேச மாட்டேன். கடற்படை அதிகாரிகளாகப் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது 1992-ல் என்று சொல்வேன். நீந்தக் கற்றுக்கொள், ஊசி பிடிக்கக் கற்றுக்கொள், மோட்டாரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள், அரைத் தூக்கத்தில் எழுப்பினாலும் எரிந்து விழாமலிருக்கக் கற்றுக்கொள் என்று சொல்வேன். என் அண்ணன் மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் சொல்வேன். நான் எங்கேயாவது கதை அளக்க ஆரம்பித்தால் தடுத்து நிறுத்த ஆள் வேண்டுமல்லவா?

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட உங்களுக்குக் கை நடுங்கினால், அது எனக்குப் புரியும். எனக்கும் அன்று நடுங்கியது. அதைத்தான் புத்திமதி என்று பெயர் மாற்றி அண்ணனிடம் சொன்னேன். நீங்கள் அந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வாருங்கள். டீ என் கணக்கு.